மஞ்சள் வைத்த கப்பல்

என் தம்பி மலைச்சாமி கப்பல் கட்டினான். இதைச் சொன்னால் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் தேனிப் பக்கம் எந்தத் திசையில் நடந்தாலும் மலைதான் வரும். எங்கள் சனத்தில் கடலைப் பார்த்தவர்கள் இராமேஸ்வரம் போய் வந்தவர்கள் மட்டும்தான். அவர்களைக் கேட்டாலும் அங்கே தொலைந்துபோன செருப்பைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்கள் அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் சுருளித் தீர்த்தத்திலேயே செய்து முடித்துவிட்டதால் மலைச்சாமிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கடலைக் கண்ணால் பார்க்காதவன் கப்பல் கட்டினான். கட்டியது என் வீட்டில். அதில் பாதி என் வேலை. கடைசியில் அந்தக் கப்பலால்தான் என் பிள்ளைக்கு மாமன் மடி இல்லாமல் காது குத்த வேண்டிய நிலைமையும் வந்தது.

மலைச்சாமி போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். அங்கே மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் அறுபத்தெட்டாம் வருஷம் வேலையிலிருந்து ஓய்ந்து சீமைக்குத் திரும்பினார். அவரை மலையிறக்கிக் கொண்டுவந்து விட்டது என் தம்பிதான். கிளம்புகிற அன்று அந்தத் துரை அவன் கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். மூடியில் ஒரு கப்பல் படம். மூன்று பாய்மரம், அத்தனையிலும் வெள்ளைப் பாய் விரிந்து, பச்சைக் கடலில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அதே கப்பலைச் சின்னதாகச் செய்து பார்ப்பதற்கான சாமான்கள். ஓய்வு காலத்தில் செய்யலாம் என்று வாங்கி வைத்தாராம். ஓய்வு வந்தபோது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "நீ கட்டு மலைச்சாமி, முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார்.

கொடுத்தவர் மறந்திருப்பார். வாங்கியவன் மறக்கவில்லை. மலைச்சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதைத் தூக்கிக்கொண்டே திரிவான். சின்னதில் ஒருநாள் நான் "ஆட்டுக்குட்டியைப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மழையில் நனைந்துகொண்டு அதன் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் எஸ்டேட் குடியிருப்பிலேயேதான் பெட்டியைத் திறந்தான். மேலே பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மூட்டம். அங்கே உப்பை டப்பாவில் போட்டு வைத்தால் மறுவாரம் தண்ணீராக ஊற்றிக்கொள்ளலாம். ஒட்டி வைத்த மரமெல்லாம் விடிந்து பார்த்தால் உப்பிப் பிரிந்து கிடந்தது. அதனால் பெட்டியை ஜீப்பில் போட்டுக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"யக்கா, ஒன் வீட்டுப் பின்னறையில கொஞ்சம் எடம் குடு. இங்கன காத்து காஞ்ச காத்து. ஒட்டுனா ஒட்டுனபடி நிக்கும்."

"என்னாடா இது, வெறகுச் சிராய்?"

"கப்பலு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெயர் செல்லப்பாண்டி. எழுதலாம், சொல்லத்தான் கூடாது. தேனிச் சந்தையில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். நாளெல்லாம் வாழைத்தார்களோடு இருந்து இருந்து அவரும் எதையும் மெதுவாகப் பழுக்கவிடுகிறவர். "கட்டட்டும் பவுனு, ஒனக்கென்ன, ஓட்டச் சொல்லவா போறான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று ஆரம்பித்ததுதான். லீவு கிடைக்கிற போதெல்லாம் தம்பி கீழே வந்துவிடுவான். வந்ததும் "யக்கா, சோறு இருக்கா" என்று கேட்டது போய் "யக்கா, பசை இருக்கா" என்று கேட்க ஆரம்பித்தான். தாளில் இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் வராது. ஆனால் படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர், மரத்திலும் அதே நம்பர். அதை வைத்துத்தான் ஓட்டினான். முதலில் ஒரு நீளமான அடிக்கட்டை. அதன் மேல் குறுக்கே குறுக்கே பலகைத் துண்டுகளைச் செருகினான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பூனை பாதி தின்றுவிட்டுப் போன கருவாடு மாதிரி இருந்தது. அதை நான் சொல்லிவிட்டேன். இரண்டு வேளை அவன் என் கையால் சாப்பிடவில்லை.

அப்புறம் அந்த விலா எலும்புகளின் மேல் மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்ட வேண்டும். வளைத்தால் ஒடிந்தது. ஆவியில் காட்டினால் வளையும் என்று தாளில் படம் இருந்தது. அந்தப் படத்திலிருந்த பாத்திரம் என் இட்லிக் கொப்பரை மாதிரியே இருக்கிறது என்று அவன் கண்டுபிடித்தான். நான் மாவாட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போய் வருவதற்குள் கொப்பரையில் கப்பல் வெந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஓர் இட்லியைப் பிட்டு மோந்து பார்த்தார். "என்ன பவுனு, மர இழைப்பு வாசம் அடிக்குது?"

"ஒங்க மாப்ளையக் கேளுங்க."

"நல்லாத்தான் மச்சான் இருக்கு" என்று மலைச்சாமி தலையைக் குனிந்தபடி நாலாவது இட்லியை எடுத்துக்கொண்டான்.

ஒட்டிய பட்டை காய்கிற வரைக்கும் இறுக்கிப் பிடித்திருக்க என் கொடியிலிருந்த துணிக் கிளிப்பை எல்லாம் உருவிக்கொண்டான். அது ஆடிக் காற்று நேரம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால் ஆளைத் தள்ளும். கிளிப் இல்லாத என் மெல்லிசுச் சேலை கொடியிலிருந்து எழும்பித் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. தெருவே வேடிக்கை பார்க்க அவனை மரத்தில் ஏறவிட்டேன். திட்டிக்கொண்டேதான் நின்றேன், விழுந்துவிடப் போகிறானே என்று முந்தானையையும் விரித்துப் பிடித்திருந்தேன். எனக்கு அவனிடம் எப்போதும் அப்படித்தான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு, எனக்குப் பத்து. அவனுக்குத் தலை சீவிவிட்டதும் அடித்ததும் சோறு போட்டதும் எல்லாம் நான்தான். அப்பாவும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இருந்தால் அது மலைச்சாமி மட்டும்தான். வீடும் இல்லை, நிலமும் இல்லை. அவன் எங்கே நிற்கிறானோ அங்கேதான் என் தாய்வீடு.

கப்பல் உடம்பு முடிகிற சமயத்தில் எனக்குப் பெண் பிறந்தாள். அம்மா பெயரையே வைத்தோம், அன்னத்தாய். அவள் தவழ ஆரம்பித்ததும் பின்னறைக் கதவுக்குக் கொண்டி போட வேண்டியதாயிற்று. அதற்குள் பாய்மரங்கள் ஏறிவிட்டன. இனிமேல் கயிறு வேலை. பெட்டியிலிருந்த நூல் கண்டை எலி கத்தரித்துவிட்டிருந்தது. நான் என் தையல் நூலைக் கொடுத்தேன். மெழுகுவர்த்தியில் இழுத்துக் கொடுத்தால் சிலும்பாமல் விறைப்பாக நின்றது. பாய்மரத்தின் இரண்டு பக்கமும் மேலே ஏறுகிறதற்கு ஏணி மாதிரி கயிறு கட்ட வேண்டும். ஏணியென்றால் ஒவ்வொரு படியிலும் வரிசையாக முடிச்சு. ஜீப் சக்கரத்தின் போல்ட்டை முறுக்குகிற கைக்கு அது எப்படி வரும்? போட்ட முடிச்செல்லாம் நழுவியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, தள்ளு. பூக்கட்டுற முடிச்சுப் போட்டா என்ன?"

"இது கப்பலுக்கா. பிச்சிப்பூ இல்ல."

"கப்பலுக்கு மட்டும் முடிச்சு தனியாவா மொளைக்குது?"

கட்டிக் காட்டினேன். நழுவவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஏணி முழுவதையும் நானே கட்டினேன். அவன் கண்ணை அதன் மட்டத்துக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "பெட்டியில இருக்குற படத்தவிட நல்லாருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் மூன்று கப்பலுக்குக் கட்டியிருப்பேன்.

கடைசியாகப் பாய்கள். பெட்டியில் சன்னமான வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. தாளிலிருந்த அளவுக்கு அவன் வெட்டிக் கொடுக்க, நான் ஓரம் அடித்தேன். எழுபதாம் வருஷம் ஆனி மாதக் கடைசி அது. மறுநாள் கப்பலைத் தேனியில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் போட்டோ எடுக்க அவன் சொல்லி வைத்திருந்தான். பாயை எல்லாம் தேய்த்துக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, டீ குடித்து வருகிறேன் என்று கடைக்குப் போனான்.

நான் கட்டிலைப் பார்த்தேன். அத்தனையும் புதுத்துணி.

எங்கள் வீட்டில் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாரும் எதையும் உடுத்தியது கிடையாது. சேலை என்றால் முந்தி ஓரத்தில், சட்டை என்றால் காலருக்கு உள்ளே, கைக்குட்டை ஆனாலும் ஒரு மூலையில் ஒரு பொட்டு. அம்மா வைத்தாள், அம்மாவுக்குப் பின் நான் வைத்தேன். மலைச்சாமிக்கு எஸ்டேட்டில் முதல்முதல் காக்கிச் சட்டை கொடுத்தபோது அதைப் போடாமல் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு மலையிறங்கி என்னிடம்தான் வந்தான். நான் மஞ்சள் வைத்த பிறகுதான் அதைப் போட்டான். அப்படி இருக்கிற வீட்டில், நாளை தேனி வரைக்கும் போகப்போகிற பொருளுக்கு, அதுவும் என் தம்பி இரண்டு வருஷமாகக் கண் வலிக்க உட்கார்ந்து செய்ததற்கு, வெறும் துணியை ஏற்றுவதா? கல்லில் மஞ்சளை இழைத்து எடுத்துவந்தேன். எல்லாவற்றிலும் பெரிய பாயின் மூலையில் ஒரு பொட்டு. அதற்கு மேல் போகிற பாய்க்கு ஒன்று. அதற்கும் மேலே போகிறதற்கு ஒன்று வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் வாசலில் நின்றான்.

"என்னா பண்ற?"

"மஞ்ச வைக்கிறேன்."

அவன் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரிய பாயைக் கையில் தூக்கிப் பார்த்தான். "யக்கா, இது கப்பல் பாய். படத்துல பாத்தேல்ல, எப்படி வெள்ள வெளேர்னு இருக்கு? நாளைக்கிப் போட்டோ. தொரைக்குப் போற போட்டோ."

"மூலையிலதானடா வச்சேன். மங்கலமா இருக்கட்டும்னு."

"எல்லாத்துலயும் மஞ்சளத் தடவுறதுதான் ஒனக்குத் தெரியும். ரெண்டு வருசமா மூச்சப் பிடிச்சிக்கிட்டுச் செஞ்சேன். பாழாப் போச்சு."

மஞ்சள் வைத்த மூன்று பாயையும் அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். "சோப்புப் போடாதடா" என்று நான் கத்துவதற்குள் போட்டுவிட்டான். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று ஆம்பிளைக்கு எங்கே தெரியும்? ஓரத்தில் ஒரு பொட்டாக இருந்தது இறங்கிப் படர்ந்து செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், அடங்கவில்லை. "இப்பக் குங்குமமும் வச்சாச்சு, போ" என்றேன்.

அதுதான் கெட்டது. ஈரப் பாய்களை அலசக்கூட இல்லை. அப்படியே மற்ற பாய்களோடு சுருட்டிப் பையில் திணித்தான். மொட்டை மரங்களோடு நின்ற கப்பலை ஜீப்பின் முன்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினான். சாப்பிட்டுப் போடா என்றேன். காதில் வாங்கவில்லை. பிள்ளை கையை நீட்டி "மா, மா" என்றாள். அவளைக்கூடத் தூக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது தப்பென்றால் எங்கள் ஊரில் உடுத்துவதற்குத் துணியே மிஞ்சாது.

ஆடி முழுக்க அவன் வரவில்லை. ஆடிக்கு எனக்குத் துணி எடுத்துக்கொண்டு வருகிறவன், அந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. ஆவணியில் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் என் வீட்டுக்காரருடைய குலதெய்வக் கோயில். அங்கேதான் முடியிறக்கிக் காது குத்த வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும், மாமன் மடியில் பிள்ளை உட்கார வேண்டும், அப்போதுதான் ஆசாரி கம்பியைக் கையில் எடுப்பார். இது தெரியாத பிள்ளைகூட எங்கள் பக்கம் கிடையாது.

என் வீட்டுக்காரருடைய அக்கா ஜக்கம்மா பண்ணைப்புரத்தில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். விஷயம் அவள் காதுக்குப் போனதும் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"என்ன பவுனு, ஒந்தம்பி வாரானா இல்லையா? கப்பல் ஏறிப் போயிட்டான்னுல்ல பேசிக்கிறாக."

"வருவான் மதினி."

"வரலைன்னா? சனம் கூடுன எடத்துல நல்ல நேரம் தப்பிப் போயிருச்சுன்னா யார் மானம் போகும்? ஓடைப்பட்டியில ஒஞ்சித்தப்பன் மகன் சின்னச்சாமி இருக்கான்ல. அவனும் மாமன்தான். திராட்சைத் தோட்டம் வச்சிருக்கான், நெறைவாச் சீரும் செய்வான். மடிதான வேணும்?"

மடிதான் வேண்டுமாம். சின்னச்சாமி நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் என் அம்மா பெயரை வைத்த பிள்ளையை என் அம்மா பெற்ற பிள்ளை இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் வைப்பேனா? அன்று இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். ஜக்கம்மா மேல் கால் பங்கு, மலைச்சாமி மேல் முக்கால் பங்கு. அவள் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. சின்னச்சாமிக்கும் சொல்லி வைத்தார்கள்.

ஆவணி பிறந்ததும் முறைப்படி தாம்பூலம் வைத்து அழைக்க நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறினோம். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு மஞ்சள் கிழங்கு. "நீயே மொதல்ல பேசிரு" என்று அவர் பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பேசுவதற்கு ஆள் வேண்டுமே. மலைச்சாமி குடியிருந்த லைன் வீடு பூட்டிக் கிடந்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறான், எப்போது திரும்புவான் என்று தெரியாது என்றாள் பக்கத்து வீட்டு மூக்கம்மாள்.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேசை மேல் கப்பல் நின்றது. நான் கட்டிய ஏணி அப்படியே இருந்தது. ஆனால் பாய் ஒன்றுகூட இல்லை, வெறும் மரங்கள். அறையில் எங்கும் ஒரு துணித் துண்டு கண்ணில் படவில்லை. தூக்கி எறிந்திருப்பான் என்று நினைத்தேன். நான் தொட்ட துணி வேண்டாம் என்று ஆகிவிட்டதா அவனுக்கு? மூட்டம் இறங்கிச் சன்னல் கம்பியெல்லாம் சொட்டியது. என் கண்ணில் வந்ததை அதோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

கீழே போகிற பஸ் வந்துவிட்டது. தட்டை மூக்கம்மாள் கையில் கொடுத்தேன். "வந்தான்னா சொல்லு ஆத்தா. அக்கா வந்து அழைச்சிட்டுப் போனாகன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

காதுகுத்து அன்று காலையிலிருந்தே காற்று. ஆடி போனாலும் காற்று போகவில்லை. கோயில் வேப்பமரம் தலையை விரித்து ஆடியது. பொங்கல் வைக்கிற பெண்கள் அடுப்பு அணையாமல் இருக்கச் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு முடியிறக்கிச் சந்தனம் பூசியாயிற்று. அவள் தன் மொட்டைத் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேனி ஸ்டுடியோக்காரர் கேமராவைக் காற்று தள்ளாமல் ஒரு கையால் பிடித்தபடி நின்றார். ஆசாரி தங்கக் கம்பியைச் சீவிக்கொண்டே வெயிலைப் பார்த்தார். சின்னச்சாமி பட்டுச் சட்டை போட்டுக் கோரைப்பாயில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். பாவம், அவனுக்கும் சங்கடம். என் முகத்தைப் பார்க்காமல் இருந்தான்.

"நேரமாச்சு" என்றாள் ஜக்கம்மா.

"கொஞ்சம் பொறுங்க மதினி."

"எம்புட்டு நேரம்? நல்ல நேரம் நமக்காக நிக்குமா? பிள்ளையக் குடு."

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சின்னச்சாமியை நோக்கி ஓரடி வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது தெருப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது.

முதலில் தெரிந்தது கப்பல். ஆட்கள் தலைக்கு மேலே ஒரு பலகையில், எல்லாப் பாயும் ஏற்றிய கப்பல், காற்றில் விம்மி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் என் தம்பி. பலகையை இரண்டு கையாலும் தலையில் பிடித்திருந்தான். காற்று பாயைப் பிடித்து அவனை ஒரு பக்கமாக இழுத்தது. நேராக நடக்க முடியாமல் கள்ளுக் குடித்தவன் மாதிரி கோணக் கோண வந்தான். அவனுக்குப் பின்னால் மூக்கம்மாளும் லைன் வீட்டுப் பெண்களும் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, முந்தானை பறக்க, சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்கள். கடலே இல்லாத எங்கள் ஊரில் அன்று ஒரு கப்பல் காற்றில் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கோயில் வாசலில் பலகையை இறக்கி வைத்தான். சனமெல்லாம் சீர்த்தட்டை விட்டுவிட்டுக் கப்பலைச் சுற்றிக் கூடிவிட்டது. ஜக்கம்மா குனிந்து ஒரு பாயை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா இது, ஓரமெல்லாம் மஞ்சளா இருக்கு?"

நான் அப்போதுதான் கவனித்தேன். நான் வைத்த மூன்றில் மட்டும் சிவப்புக் கறை. மற்ற ஒவ்வொரு பாயின் மூலையிலும் புதுசாக ஒரு மஞ்சள் பொட்டு. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, ஒன்று வழிந்து இறங்கியிருந்தது. உச்சியில் பறந்த கட்டைவிரல் அகலக் கொடிக்குக்கூட ஒன்று.

"புதுத்துணில்ல மதினி" என்றான் மலைச்சாமி. "மஞ்ச வைக்காம எப்படிக் கொண்டாறது?"

ஜக்கம்மா விடுகிற ஆளில்லை. "அது சரி. மாமன் சீரோட வர்றவன் பழைய காக்கிச் சட்டையோடவா வர்றது?"

அவன் சீர்த்தட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அதைப் பிரித்துக்கொண்டே என்னிடம் வந்தான். உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சண்டை போட்டு ஒன்றரை மாதம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"யக்கா, இதுக்கு மட்டும் வைக்கல. நான் வச்சா வட்டமா வர மாட்டேங்குது."

"ஏலே" என்றேன். பிள்ளையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பூசைத் தட்டிலிருந்த மஞ்சளில் விரலை நனைத்தேன். காலருக்கு உள்ளே வைத்தேன். அன்று என் பொட்டும் வட்டமாக வரவில்லை.

"எங்கடா மஞ்ச வாங்குன அங்கன?"

"நீ தட்டுல வச்சிட்டுப் போன கெழங்குதான். எல்லாப் பாய்க்கும் ஒரசி ஒரசித் தீந்தே போச்சு."

கோயில் சுவரோரம் போய்க் காக்கியைக் கழற்றிவிட்டுப் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கப்பலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அன்னத்தாயை அவன் மடியில் வைத்தேன். சின்னச்சாமி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு எழுந்து பந்திப் பக்கம் போனான். கம்பி இறங்கியதும் பிள்ளை வீரிட்டாள். கையில் அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது நான் கட்டிய கயிற்று ஏணி. நான் எடுத்துவிடப் போனேன். "இருக்கட்டும்க்கா, பிடிச்சிக்கிடட்டும்" என்று அவன் கப்பலை இன்னும் அவள் பக்கமாக நகர்த்தினான். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பிடித்திருந்தாள். பூ முடிச்சு, ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் போட்டோ. மாமன் மடியில் மருமகள், பக்கத்தில் கப்பல், பின்னால் நாங்கள். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"டிரைவர், இந்தப் படம் சீமைக்குப் போகணும்னு சொன்னீங்கள்ல? பெரிய பாயில அந்தச் செவப்புக் கறை படத்துல கறுப்பா விழுந்துரும். கப்பல அந்தப் பக்கமாத் திருப்பி வச்சிரட்டுமா?"

மலைச்சாமி கப்பலின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"திருப்பாதீங்க" என்றான். "அது எங்கக்கா வச்சது."